வானொலியில் ‘தெரியவில்லை’ என்று சொன்ன நாள்

நம் சங்கத்தில் இந்த வருஷம் பயிற்சியாளர் வேலையை ஏற்றுக்கொண்டவர்களுக்கும், வானொலியில் பந்தாட்ட வர்ணனைக்குப் புதிதாகப் போயிருப்பவர்களுக்கும் நான் ஏதாவது எழுத வேண்டும் என்று ஆண்டு மலர்க் குழுவினர் கேட்டார்கள். எழுதுகிறேன். ஆனால் மைக்கை எவ்வளவு தூரத்தில் வைத்துக்கொள்வது, தொண்டை கட்டினால் என்ன குடிப்பது, வீரர்களை எத்தனை சுற்று ஓடவிடுவது என்பதெல்லாம் இதில் இருக்காது. அதைச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். என்னைவிட நன்றாகவே சொல்லித்தருவார்கள். என்ன செய்வதென்று யாருமே சொல்லித்தந்திராத நேரம் ஒன்று உங்கள் எல்லோருக்கும் வரும். எனக்கு வந்தவற்றைச் சொல்கிறேன்.

இதில் வரும் பேச்செல்லாம் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் நடந்தது. நம் வீடுகளில் வேறு எந்த மொழியில் பேசினோம்? நான் கோயில் பள்ளிக்கூடத்தில் ஒழுங்காகத் தமிழ் எழுதப் படித்தவன், மலரும் தமிழில் வருகிறது, அதனால் தமிழில் தருகிறேன். முசியே, அதாவது ஐயா, என்பதுபோன்ற ஓரிரு சொற்களை மட்டும் காதில் விழுந்தபடியே விட்டிருக்கிறேன்.

ரோஸ் பெல் பக்கத்துக் கரும்புத் தோட்டத்தில் பிறந்தவன் நான். பள்ளிக்கூடத்திலேயே மற்றவர்களைவிட ஒரு தலை உயரம். அந்த உயரத்துக்கு சென்டர் ஹாஃபைத் தவிர வேறு இடம் கிடையாது என்று நிற்கவைத்தார்கள். கால் முட்டி தேயும்வரை அங்கேயே நின்றேன். அப்போது இந்தத் தீவில் ஒவ்வொரு சமூகத்துக்கும் ஓர் அணி. வெள்ளைக்காரர்களுக்கு ஒன்று, ஆப்பிரிக்க வழிவந்த கிரியோல்காரர்களுக்கு ஒன்று, சீனர்களுக்கு ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று, வட இந்திய வழிவந்த இந்துக்களுக்கு ஒன்று, தமிழர்களான நமக்குத் தனியாக ஒன்று. சனிக்கிழமை ஆட்டத்தில் தோற்றால் ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவில் தலைநிமிர்ந்து போக முடியாது.

நான் அணியில் சேர்ந்த புதிதில்தான் தோட்டத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். துப்பாக்கிச் சூடுவரை போனது. கொஞ்சம் அடங்கியதும் ரிவியேர் தே ஸாங்கீய் அருகே ஒரு தோட்டத்து மேனேஜருக்கு யோசனை தோன்றியது. ஆலை உத்தியோகஸ்தர்களின் அணியும் எங்கள் அணியும் தோட்டத்து மைதானத்தில் விளையாடினால் மனக்கசப்பு தீரும் என்று நினைத்தார். எங்கள் கேப்டன் ஒப்புக்கொண்டார். ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். அவர் பெயரை நான் எங்கேயும் எழுதுவதில்லை, அவருக்குப் பிடிக்காது.

போய்ப் பார்த்தால், மைதானத்தின் ஒரு பக்கம் முழுக்கத் தொழிலாளர்கள். இன்னொரு பக்கம் துப்பாக்கியோடு போலீஸ். நடுவில் நாங்கள். நாங்கள் இரண்டாவது கோல் போட்டபோது தொழிலாளர்கள் எழுப்பிய சத்தம் பந்துக்காக எழுந்த சத்தம் அல்ல. அடுத்த நிமிடம் உத்தியோகஸ்தர் அணியில் இருந்த ஒரு சர்தார், அதாவது தோட்டத்துக் கங்காணி, எங்கள் வலது விங்கரின் காலில் உதைத்தான். பந்து எங்கேயோ இருந்தது. விங்கர் காலைப் பிடித்துக்கொண்டு உருண்டான். உதைத்தவன், வேலை நிறுத்தத்தின்போது ஆட்களைக் காட்டிக்கொடுத்தவன் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். தொழிலாளர்கள் கோட்டைத் தாண்டினார்கள். சிலர் கையில் கரும்பு. எதிர்ப்பக்கத்தில் துப்பாக்கிகள் தோளிலிருந்து இறங்கின.

கேப்டன் ஓடவில்லை. நடந்துபோய்ப் பந்தைக் கையில் எடுத்தார். மைதானத்தின் நடுவுக்கு வந்து பந்தின்மேல் உட்கார்ந்தார்.

“எல்லாரும் உக்காருங்க,” என்றார்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். உட்கார்ந்தோம். எதிர் அணியின் கேப்டன் ஓர் ஆலை இன்ஜினியர், புத்திசாலி. அவரும் தன் ஆட்களை உட்காரச் சொன்னார். உதைத்த சர்தார்தான் முதலில் உட்கார்ந்தான். உள்ளே ஓடிவந்தவர்கள் எங்கள் மத்தியில் வந்து நின்றார்கள். தரையில் சம்மணம் போட்டிருக்கும் ஆளை எப்படி அடிப்பது? அவர்களுக்கே கூச்சமாகிவிட்டது. ஒருவர் கையிலிருந்த கரும்பைக் கடிக்கத் தொடங்கினார்.

கேப்டன் தண்ணீர் கேட்டார். வந்த தண்ணீரை முதலில் அடிபட்ட விங்கருக்குக் கொடுத்தார், அடுத்து உதைத்தவனுக்கு. அதன் பிறகுதான் எழுந்து, “ஆட்டம் இன்னும் முடியல,” என்று பந்தை நடுவரிடம் நீட்டினார்.

திரும்பி வரும்போது ரயிலில் அவரிடம் கேட்டேன். “நீங்க உக்காந்ததுக்கு அப்புறமும் அவங்க அடிக்க வந்திருந்தா?”

“எழுந்து ஓடியிருப்பேன். வேற என்ன?” என்றார்.

அவர் சிரிக்கவில்லை. யோசித்துப் பார்த்தே அந்தப் பதிலைச் சொன்னார். பலிக்கும் என்று தெரிந்துகொண்டு அவர் உட்காரவில்லை. கோபத்தில் இருக்கும் கூட்டத்துக்கு மூச்சுவிடக் கொஞ்சம் நேரம் கொடுத்துப் பார்த்தார், அவ்வளவுதான். மைதானத்தில் இது பலமுறை எனக்கு உதவியிருக்கிறது. பயிற்சியாளர்களே, உங்களுக்கும் உதவும். வர்ணனைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முட்டி போனபிறகு என்னைப் பயிற்சியாளனாக்கினார்கள். பொதுப்பணித் துறையில் எழுத்தர் வேலை, மாலையில் மைதானம். அப்போது எங்கள் அணிக்கு ஒரே ஒரு குறை, கோல்கீப்பர். பழைய கோல்கீப்பருக்குக் கல்யாணமாகி, மாமனார் கடையில் உட்கார்ந்து, உடம்பு கோல் கம்பங்களுக்கு நடுவே பாதியை அடைக்கும் அளவுக்குப் பெருத்துவிட்டது. ஆனாலும் மீதிப் பாதி வழியாகப் பந்து போய்க்கொண்டே இருந்தது.

அந்தச் சமயத்தில் ரோஜே என்ற கோல்கீப்பர் தன் அணியோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தார். தலைநகர் போர்ட் லூயியின் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். கிரியோல்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர். எதிரணியில் நின்றபோது நான் தலையால் அடித்த பந்துகளைப் பிடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார். எரிச்சலாக இருக்கும். எரிச்சல் ஊட்டும் கோல்கீப்பர்தான் எனக்கு வேண்டும் என்று அவரைப் போய்க் கூப்பிட்டேன்.

வக்குவாவில் எங்கள் தலைவரின் துணிக்கடைக்குப் பின்னால் இருந்த அறையில் கமிட்டி கூடியது. தலைவர் நல்ல மனிதர். கோயில் திருவிழா என்றால் முதல் ஆளாக நிற்பார்.

“வேலு, இது நம்ம டீம்,” என்றார். “நம்ம பசங்களுக்காக ஆரம்பிச்சது. நாளைக்குத் தைப்பூசத்துக்கு டீம் முழுக்க வரும்போது அவன் வந்து காவடி தூக்குவானா?”

“காவடி தூக்க ஆள் இருக்கு, முசியே. கார்னர்லேர்ந்து வர்ற பந்தைத் தூக்கத்தான் ஆள் இல்ல.”

யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை.

“தோத்துட்டா?”

“இப்ப ஜெயிக்கிறோமா?”

“தமிழனா இருந்து தோக்கிறோம்.”

அவர் சொன்னதில் அவருக்கு ஒரு நியாயம் இருந்தது, அதை என்னால் உடைக்க முடியவில்லை. “ரோஜே விளையாடட்டும். இல்லேன்னா வேற பயிற்சியாளரைப் பாருங்க,” என்று மட்டும் சொன்னேன். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றேன். மழை தூறியது. கொஞ்ச நேரத்தில் தலைவரே குடையோடு வந்து, “ஒரு ஆட்டம். அப்புறம் பார்க்கலாம்,” என்றார்.

அந்த ஒரு ஆட்டத்தில், தொடங்கிய சிறிது நேரத்திலேயே, ரோஜேயின் இரண்டு கால்களுக்கு நடுவே பந்து உருண்டு உள்ளே போனது. பள்ளிக்கூடப் பையன் பிடித்திருப்பான். எங்கள் ஆட்களே அவரைத் திட்டினார்கள். அவர் இனத்தைச் சொல்லித் திட்டினார்கள். வேர்க்கடலைத் தோலை வீசினார்கள்.

இடைவேளையில் தலைவர் உடைமாற்றும் அறைக்குள் வந்து, லெஃப்ட் பேக்கைக் காட்டி, “இவன் கோல்ல நிக்கட்டும்,” என்றார். அப்போதெல்லாம் ஆளை மாற்ற முடியாது, உள்ளே இருப்பவர்களைத்தான் இடம் மாற்றலாம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ரோஜே மட்டும் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

அவர் எதிரே குனிந்து கேட்டேன். “பந்து தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது. இடது கால் வழுக்கிடுச்சு. அங்க சேறு.”

“சரி. ரெண்டாவது பாதி அந்தப் பக்கம் இல்ல.”

அவ்வளவுதான் பேசினோம். ‘எப்படிப் போனதுன்னே தெரியல’ என்று அவர் சொல்லியிருந்தால் லெஃப்ட் பேக்கைத்தான் நிறுத்தியிருப்பேன், நட்பு பார்த்திருக்க மாட்டேன். தான் ஏன் தவறினோம் என்று தெரிந்த ஆளை நம்பலாம். தலைவரிடம், “ரோஜேதான்,” என்றேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

இரண்டாவது பாதியில் ரோஜே பிடித்த பந்துகளைப் பற்றி இன்றும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் ஆட்டத்தில் தோற்றோம். அந்த ஒரு கோல்தான். நீங்கள் எடுத்த முடிவு சரியாக இருந்தாலும் ஆட்டம் கைவிட்டுப் போகலாம். அப்போது முடிவைச் சந்தேகிக்காதீர்கள். அடுத்த வாரமும் ரோஜேயையே நிறுத்தினேன். கோப்பை வருவதற்கு இன்னொரு வருஷம் ஆனது. அந்தத் தைப்பூசத்தில் ரோஜே காவடி தூக்கவில்லை. வெயிலில் வந்தவர்கள் காலில் வழிநெடுகத் தண்ணீர் ஊற்றினார். கோயிலில் ஏழு கறிச் சைவச் சாப்பாட்டுக்கு அவரைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து இலை போட்டவர் எங்கள் தலைவர்.

இனி வர்ணனையாளர்களுக்கு.

வானொலி நிலையம் என்னைக் கூப்பிட்டது என் பிரெஞ்சுக்காக அல்ல. பெஞ்சில் உட்கார்ந்து நான் கத்துவது, வர்ணனையாளர் பேசுவதைவிடத் தெளிவாக வானொலியில் கேட்டதாம். நிலையத் தலைவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போது வர்ணனை பிரெஞ்சில்தான். கிரியோல் அடுப்படியில் பேசலாம், சந்தையில் பேசலாம், மைக்கில் பேசக் கூடாது. கோல் விழும்போது வாய் தவறி ஒரு கிரியோல் வார்த்தை வந்தால்கூடத் திங்கட்கிழமை அழைத்து விளக்கம் கேட்பார்கள்.

டிரான்சிஸ்டர் பரவலாகிவிட்ட காலம் அது. மைதானத்துக்கு வருகிறவர்களே அதைக் கையோடு கொண்டுவருவார்கள். கண்ணெதிரே நடக்கும் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே, என் வாயாலும் கேட்டால்தான் அவர்களுக்குத் திருப்தி. நான் மேலே பலகை மேடையில் உட்கார்ந்து பேசுவது, நூற்றுக்கணக்கான சின்னப் பெட்டிகள் வழியாக எனக்கே திரும்பி வரும்.

சுதந்திரம் வேண்டும் என்று பாதி நாடும் வேண்டாம் என்று பாதி நாடும் நின்ற நாட்கள். தேர்தல் முடிந்திருந்தது, மனங்கள் ஆறவில்லை. அப்படிப்பட்ட ஒரு சனிக்கிழமை, போர்ட் லூயியின் இரண்டு பகுதிகளைச் சேர்ந்த இரண்டு அணிகள் மோதின. அணிகளின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் இன்றைக்கும் சிலர் பக்கம் பிரிந்துகொண்டுதான் இதைப் படிப்பார்கள். இடது ஸ்டாண்ட் முழுக்க ஒரு சமூகம், வலது ஸ்டாண்ட் முழுக்க இன்னொன்று. பைகளைச் சோதித்துத்தான் உள்ளே விட்டார்கள்.

என் பக்கத்தில் கிளோட் என்ற தொழில்நுட்பர். நிலையத்துக்குப் போகும் லைன் அவர் பொறுப்பு. கீழே, கோட்டுக்கு வெளியே முதலுதவிப் பெட்டியோடு ரோஜே. விளையாடுவதை விட்டபிறகு லீக் அவரை அந்த வேலைக்கு அமர்த்தியிருந்தது.

இரண்டாவது பாதி. கோல் இல்லை. ஒரு நீளமான பந்து, வலது ஸ்டாண்டுக்காரர்களின் ஃபார்வர்ட் பாய்கிறான், இடது ஸ்டாண்டுக்காரர்களின் கோல்கீப்பர் அவன் காலடியில் விழுகிறான். ஃபார்வர்டின் முட்டி கோல்கீப்பரின் தலையில் பட்டது. அந்தச் சத்தம் மேலே எனக்கே கேட்டது. ஃபார்வர்ட் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டான். கோல்கீப்பர் ஒருமுறை புரண்டு மல்லாந்தான். அப்புறம் அசையவில்லை.

இடது ஸ்டாண்டிலிருந்து ஒரு குரல். “லின் மோர்!” செத்துட்டான்! அடுத்த நொடி ஸ்டாண்ட் முழுக்க அதே கூச்சல். வலது ஸ்டாண்டும் எழுந்து நின்றது. இரண்டு பக்கமும் வேலியில் ஏறத் தொடங்கினார்கள். இருந்த போலீஸ்காரர்கள் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நடுவில் திகைத்தார்கள்.

ஹெட்போனில் நிலையத் தலைவரின் குரல் வந்தது. “வேலு, நிறுத்துங்க. சங்கீதம் போடறோம். லைனை விட்டுடுங்க.”

எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. எல்லாவற்றையும் நிறுத்து. என் கேப்டன் பந்தின்மேல் உட்கார்ந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் அவர் உட்கார்ந்தது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. வானொலி வாயை மூடிக்கொண்டால் கேட்கிறவனுக்கு என்ன தெரியும்? கோல்கீப்பர் விழுந்தான் என்று நான் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. அதற்குப் பிறகு சங்கீதம் வந்தால் ஒரே அர்த்தம்தான். போர்ட் லூயியில் இரண்டு பகுதிகளிலும் வீட்டுக்கு வீடு கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பாட்டு முடிவதற்குள் சண்டைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு லாரிகள் கிளம்பிவிடும்.

கிளோட்டின் கை சுவிட்சில் இருந்தது. “முசியே வேலு, அவர் சொல்லிட்டார்.”

“கையை எடுங்க, கிளோட்.”

“ஆயோ, என் வேலை போயிடும். பிள்ளைங்க இருக்கு எனக்கு.”

“நான் உங்க கையைப் பிடிச்சு இழுத்துட்டேன்னு சொல்லுங்க.”

அவர் பொய் சொல்ல வேண்டாமே என்று உண்மையாகவே பிடித்து இழுத்தேன். பிறகு மைக்கை எடுத்தேன். பிரெஞ்சு வரவில்லை. வரவேண்டும் என்று நான் தேடவும் இல்லை.

“எக்கூத்தே, கேளுங்க,” என்று கிரியோலில் ஆரம்பித்தேன். “நான் வேலு பேசறேன். கோல்கீப்பர் கீழ கிடக்கிறார். அசையல. உயிரோட இருக்காரா இல்லையான்னு எனக்கு இன்னும் தெரியல. தெரியாததை நான் சொல்ல மாட்டேன். ரோஜே அவர்கிட்ட ஓடறார். ரோஜே பார்க்கட்டும். அவர் பார்த்ததும் உங்களுக்குச் சொல்றேன்.”

என் குரல் எல்லாப் பக்கத்திலிருந்தும் திரும்பி வந்தது. கிரியோலில் வந்தது. அந்தப் பெட்டிகள் அதுவரை அவர்கள் பாஷையில் அவர்களிடம் பேசியதே இல்லை. தலைகள் மைதானத்தை விட்டு டிரான்சிஸ்டர் பக்கம் திரும்புவதை மேலேயிருந்து பார்த்தேன். வேலிமேல் ஒரு காலைப் போட்டிருந்தவர்கள் அப்படியே உட்கார்ந்து பக்கத்து ஆளிடம், “என்ன சொல்றார், என்ன சொல்றார்?” என்று கேட்டார்கள்.

நான் நிறுத்தவில்லை. கண்ணில் பட்டதைத் தவிர வேறெதையும் சொல்லவில்லை. “ரோஜே முட்டி போட்டுட்டார். கழுத்துல கை வைக்கிறார். ஃபார்வர்ட் பக்கத்துலயே நிக்கிறார், ஓடல. அழறார்.” வேலியைத் தாண்டி முன்னாலேயே குதித்துவிட்ட ஒரு கும்பல் கோல் பக்கம் போய் எனக்குக் குறுக்கே நின்றது. “அங்க நிக்கிறவங்க தயவுசெஞ்சு நகருங்க. எனக்கு மறைக்குது. நீங்க மறைச்சா நான் எப்படிச் சொல்றது?” என்றேன்.

நகர்ந்தார்கள். சண்டைக்கு என்று வேலி தாண்டியவர்கள், நான் பார்ப்பதற்காக வழிவிட்டு ஒதுங்கினார்கள். அந்த நேரத்தில்தான் எனக்குத் தைரியம் வந்தது.

ஹெட்போனில் நிலையத் தலைவர் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். கழற்றி மேஜையில் வைத்தேன்.

“ரோஜே இன்னும் தலையைத் தூக்கல. எனக்கு இன்னும் தெரியல,” என்று மறுபடியும் சொன்னேன். மைதானத்தில் பேச்சே இல்லை. என் குரல் மட்டும்தான் சுற்றிக்கொண்டிருந்தது. அப்போது கோல்கீப்பரின் இடது கால் மெதுவாக மடங்கியது.

“முட்டியை மடக்கறார்! பார்த்தேன், இடது கால். செத்தவன் முட்டி மடக்க மாட்டான்! லி விவாங், உயிரோட இருக்கார்!”

ரோஜே எழுந்து, பந்தைப் பிடிப்பவர்போல இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கினார். இடது ஸ்டாண்ட் “லி விவாங்!” என்று கத்தியது. வலது ஸ்டாண்டும் கத்தியது. ஸ்ட்ரெச்சர் வந்தபோது அந்த ஃபார்வர்ட் ஒரு முனையைப் பிடித்தான். யார் எந்த முனையைப் பிடிக்கிறார்கள் என்று பெயர் சொல்லி, திரும்பத் திரும்பச் சொன்னேன். அது வீடுகளில் இருப்பவர்களுக்காக. நடுவர் ஆட்டத்தை அத்துடன் முடித்தார். மக்கள் வேலியிலிருந்து இறங்கி, வந்த வழியே வீட்டுக்குப் போனார்கள்.

திங்கட்கிழமை நிலையத் தலைவர் கூப்பிட்டார்.

“நிலையத்துக்குன்னு ஒரு தரம் இருக்கு, முசியே வேலு.”

“இருக்கு. அன்னிக்கு அந்தத் தரத்துல பேசியிருந்தா பாதிப் பேருக்குப் புரிஞ்சிருக்காது.”

“அவன் செத்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?”

நியாயமான கேள்வி. அவர் கெட்டவர் இல்லை. தன் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் அவருக்கு அப்படித்தான் தெரியும்.

“ரோஜே சொல்றவரைக்கும் தெரியலன்னே சொல்லியிருப்பேன். ரோஜே சொன்னா, செத்துட்டார்னு சொல்லியிருப்பேன். எப்படி அடிபட்டதுன்னு நான் பார்த்தேன், அது வேணும்னு செஞ்சது இல்லைன்னும் சொல்லியிருப்பேன். சங்கீதம் போட்டிருக்க மாட்டேன்.”

என்னைச் சில மாதங்கள் மைக் பக்கம் வரவேண்டாம் என்றார். கிளோட்டை ஒன்றும் செய்யவில்லை. கையைப் பிடித்து இழுத்ததை நான் எழுதியே கொடுத்திருந்தேன். இதே நிலைமை இன்று வந்தாலும் அதையேதான் செய்வேன். நீங்களும் செய்யுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், ஆனால் சொல்லிக்கொண்டே இருங்கள். கேட்கிறவர்கள் உங்களோடு சேர்ந்து காத்திருப்பார்கள்.

ஆனால் ஓர் ஆட்டத்தைக் காப்பாற்றிவிட்டு ஊரையே காப்பாற்றியதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். சுதந்திரத்துக்குச் சில வாரங்கள் முன்னால் போர்ட் லூயியில் கலவரம் வெடித்தது. அதற்கும் பந்துக்கும் சம்பந்தமில்லை. வெட்டினார்கள், கொளுத்தினார்கள், பட்டாளம் வந்தது. தலைமுறை தலைமுறையாக அடுத்தடுத்து இருந்த குடும்பங்கள் தெருவைக் காலி செய்துகொண்டு போயின. ரோஜேயும் மனைவியும் பிள்ளைகளும் கையில் கிடைத்ததோடு வக்குவாவுக்கு, என் வீட்டுக்கு வந்தார்கள். எங்களோடுதான் தங்கினார்கள்.

அந்த நாட்களில் ரோஜே எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்த ஆட்டத்தின் ரகசியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். “முட்டி தானா மடங்கிச்சுன்னு நினைக்கிறீங்களா? நான் தொடையில கிள்ளினேன். நல்லா நகத்தால கிள்ளினேன். அதுக்குத்தான் மடக்கினான். வேலு சும்மா மேடையில உக்காந்து பேரை வாங்கிட்டார்.” என் மனைவிகூட அதை நம்பிவிட்டாள். நானும்தான்.

தெருக்கள் கொஞ்சம் அடங்கியதும் ஒரு மத்தியானம் அந்தக் கோல்கீப்பர் வாசலில் வந்து நின்றான். கலவரத்தில் அவன் ஆட்களும் ரோஜேயின் ஆட்களும் எதிரெதிர்ப் பக்கம். இரண்டு பஸ் மாறி, எங்கள் தெருவை விசாரித்து, ரோஜே பிழைத்திருக்கிறாரா என்று பார்க்க வந்திருந்தான். புருவத்துக்குமேல் தழும்பு. ரோஜே அவன் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்து அந்தத் தழும்பைப் பார்த்தார்.

சாப்பிட உட்கார்ந்தபோது ரோஜே பழையபடி ஆகிவிட்டார். “சொல்லுடா இவங்ககிட்ட. நான் கிள்ளினது வலிச்சுதா இல்லையா?”

அவன் ரோஜேயைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். பெரியவர் மனம் கோணக் கூடாதே என்று தயங்குவது தெரிந்தது.

“கிள்ளினீங்களா? எனக்கு எதுவும் தெரியல, தோந்தோன்,” என்றான். நம் வீட்டில் மாமா என்று கூப்பிடுவதுபோலத்தான் அது. “கண்ணைத் திறக்க முடியல. உடம்பு எங்க இருக்குன்னே தெரியல. காது மட்டும் கேட்டுச்சு. நாலு பக்கமும் முசியே வேலு குரல். நான் உயிரோட இருக்கேனான்னு அவருக்கு இன்னும் தெரியலன்னு சொல்றார். மறுபடியும் தெரியலன்னு சொல்றார். எங்க அம்மா வீட்டுல ரேடியோ கேட்டுட்டிருப்பாங்க. இவருக்கு எப்படியாவது தெரியப்படுத்தணுமேன்னு, மடக்க முடிஞ்ச ஒரு காலை மடக்கினேன்.”